கடை அட்டை

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடமாகத் தனியாக இருக்கும் அமிர்தகலா டீச்சர், அன்று புதுச் சுடிதார் போட்டிருந்தாள். பேருந்தில் நின்றபடி வந்தாள். ஆசிரியர் அறையில் கையெழுத்துப் போட்டாள். காலை வணக்கக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றாள். இரண்டாம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோதுதான் ராபியா எழுந்து வந்தாள்.

“டீச்சர், கழுத்துக்குப் பின்னாடி கடை அட்டை தொங்குது. குனிங்க.”

டீச்சர் முழங்காலிட்டுக் குனிந்தாள். பிள்ளை அவளுடைய பின்னலை ஒதுக்கிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தது. பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

“கிளம்புறப்போ உங்க வீட்ல யாரும் பாக்கலையா?”

ராபியா அறுத்த அட்டையை டீச்சர் கையில் வைத்தாள்.

“அவ்வளவுதான், எந்திரிங்க டீச்சர்.”

“நல்லாப் பாரு ராபியா,” என்றாள் டீச்சர், குனிந்தபடியே. “இன்னும் ஏதாவது இருக்கும்.”