கடுகளவு

எந்தப் பொருளையும் குறை சொல்லாமல் விலை கேட்டறியாத வியாபாரக் குடும்பம் செல்லப்பாண்டியுடையது. கொக்குகளைப் படமெடுக்கப் பழைய ஜூம் லென்ஸ் தேடி வந்தவன், கேமரா கடை வாசலில் நின்று, லென்ஸைச் சோதிக்க எதிரேயிருந்த ஸ்கேன் சென்டரைப் படமெடுத்தான். போர்டுக்குக் கீழே, சரக்கெடுக்க ஈரோடு போவதாகக் காலையில் கிளம்பிய அப்பா, பெரிய கவரோடு உட்கார்ந்திருந்தார்.

“மங்கலா இருக்கே பாய்,” என்றது வாய், பழக்கத்தில்.

கடைக்காரர் கேமரா திரையைப் பார்த்தார். “போர்டு எழுத்து பளிச்சுனு இருக்கு தம்பி. அந்தப் பெரியவர் கைதான் நடுங்குது. ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு ஏத்துங்க, நின்னுடும்.”

ஏற்றினான். படத்தில் அப்பாவின் கை, கல்லாவில் இருப்பதுபோல் அசையாமல் இருந்தது. நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தான். மறுபடி எடுத்தான். மறுபடியும் எடுத்தான்.

“பிடிச்சிருக்குல்ல? என்ன விலைக்குக் கேக்குறீங்க?”

“இவ்வளவு கிட்டத்துல காட்டாததா ஒண்ணு குடுங்க பாய்.”

பாய் சிரித்துக்கொண்டே வைட் லென்ஸை மாட்டிக் கொடுத்தார். தெரு முழுவதும் அதில் அடங்கியது. பேருந்து, இளநீர் வண்டி, ஓரத்தில் கடுகளவு அப்பா. அவனுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

அந்தக் கடுகு எழுந்தது. இருபக்கமும் பார்த்தது. கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இந்தக் கடையை நோக்கிச் சாலையைக் கடக்கத் தொடங்கியது.