கெளுத்தி முள்

என் மாமியார் கலோசாஃபி, சட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள். உள்ளே வெறும் கீரைத் தண்ணீர். ஆனாலும் மூடியையும் ஒருமுறை மோந்தாள்.

நான் வலது கையை இடுப்புத் துணிக்குள் மறைத்திருந்தேன். ஆட்காட்டி விரல் வெந்த கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது.

இந்த வீட்டுக் குலத்துக்குக் கெளுத்தி விலக்கு. என்றோ ஒரு முப்பாட்டனை வெள்ளத்தில் கரை சேர்த்த மீனாம். தின்னக் கூடாது, தொடவும் கூடாது. மீறிய மருமகளைப் பாயோடு படகேற்றிப் பிறந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் பக்கத்து வீட்டு லாலாவோ அப்படித்தான் போனாள். பிள்ளையை இங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மேலாற்றில் இருக்கும் என் பிறந்த ஊரில் கெளுத்தி அன்றாடக் கறி. எனக்கோ ஐந்தாம் மாதம். மசக்கை குலம் பார்த்தா வரும்? காலையில் இறால் கூடையில் ஒன்று மாட்டியது. பிடிக்கும்போதே குத்திவிட்டது. விடுவேனா, சுட்டுத் தின்றேன்.

"கையக் காட்டுடி."

"மூங்கில் சிலாம்பு ஏறிடுச்சு அத்தை."

கையை வெடுக்கென்று இழுத்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தக் குலத்தில் அவளைப் போல் விலக்குப் பார்ப்பவர் யாருமில்லை. கெளுத்தி என்று காதில் விழுந்தாலே வெளியே போய்த் துப்புவாள்.

என் கணவன் வெலுஞ்சாரா வாசலில் வந்து நின்றான்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். காந்தல் சோற்றில் கொதித்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். தன் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்து அதில் அமுக்கினாள். நான் துடித்தேன். அவள் பிடியை விடவில்லை. மகன் கண்ணெதிரே தண்டிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வலி இறங்க ஆரம்பித்தது.

"சிலாம்புதான்டா. நீ போய் மாட்ட அவுத்துக் கட்டு."

அவன் போனான். அவன் தொழுவம் சேரும்வரை அவள் வாசலையே பார்த்திருந்தாள். பிறகு அடுப்பருகே குந்தி, குச்சியால் சாம்பலைக் கிளறினாள்.

"முள்ள இதுலயா போட்ட? இது எரியாதுடி, அப்படியே கிடக்கும். நான் எப்பவும் வாழைக்கு அடியிலதான் புதைப்பேன்."