மூன்றாவது கோல்

"நருசேவை வெளியே இழுத்துப் போடுங்கய்யா! அவனுக்கு இருக்கிறது காலா, கட்டையா?"

ஒசாகாவின் அந்த மதுக்கடையில், பெரிய திரை முன்னால் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஜப்பானுக்கு முதல் கோலை அடித்ததே நருசேதான். அவனைத் திட்டியவர், கோட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு வெளியூர்ப் பெரியவர்.

பக்கத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்த இசோபேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், கோல் அடிச்சவனை எதுக்குய்யா வையிற?"

"அது குருட்டாம்போக்குல விழுந்த கோலு. அடுத்த தடவை தடுக்கி விழுவான் பாரு."

நருசே விழவில்லை, இரண்டாவதையும் அடித்தான். கடையே துள்ளியது. பெரியவர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீயெல்லாம் ஜப்பான்காரனா?" இசோபே பெரியவரின் கோட்டைப் பிடித்து இழுத்தான். அது கையோடு கழன்று வந்தது. உள்ளே ஆரஞ்சு ஜெர்சி. முதுகில் நருசேயின் பெயர்.

"எங்க ஊர் கிளப் பையன்யா அவன்," பெரியவரின் குரல் உடைந்தது. "அவனை வாங்கிட்டுப் போக ஜெர்மனி கிளப்காரங்க மைதானத்துல வந்து உக்காந்திருக்காங்க. அவன் போயிட்டா எங்க கிளப் ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடும். இன்னைக்கு ஒருநாள் அவன் சொதப்பக் கூடாதா?"

இசோபேவின் பிடி தளர்ந்தது. கடைசி நிமிடத்தில் பந்து மறுபடியும் நருசேயின் காலுக்கு வந்தது.

"விட்டுடுடா, விட்டுடு" என்று முனகிக்கொண்டிருந்த பெரியவர், பந்து வலைக்குள் பாய்ந்ததும் எல்லோருக்கும் முன்னால் துள்ளி எழுந்தார்.

"எங்க பையன்டா!" என்று கத்தினார். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.