ஆறாவது நாற்காலி

மறதி நோயாளிகள் இல்லத்தில் ஒருவர் இறந்தால் அன்றைக்கே அவருடைய நாற்காலியைக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் கேட்காமல் இருக்க அதுதான் வழி. அங்கிருந்த ஆறு பேரில் ஒருவரான டீச்சரம்மா இறந்த மறுநாள், விளையாட்டு மேசையைப் பொருத்த வந்த வடிவமைப்பாளர், சுற்றி ஆறு நாற்காலி இருந்தால்தான் அழகு என்று டீச்சரின் நாற்காலியைத் திரும்ப எடுத்துவரச் சொன்னார். நர்ஸ் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"இவங்களுக்கு என்னம்மா ஞாபகம் இருக்கப்போகுது?" என்றார் அந்தப் புண்ணியவான். ஒருநாளும் ஒருவருக்கும் வாய் துடைத்துவிடாத கை, பட்டாம்பூச்சி வரைந்து விருது வாங்கியிருந்தது.

மேசைமேல் ஒளியால் ஆன பட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. தட்டினால் பறக்கும். ஐந்து பேர் தட்டினார்கள். மேசை ஓரத்துத் திரையில் 'விளையாடுபவர்கள்: 6' என்று வந்தது.

"குட்டிப் பிசகுதான். எல்லாரும் ஜோரா கைதட்டுங்க பாப்போம்!" என்றார், பச்சைப்பிள்ளைகளிடம் பேசுவதுபோல. ஒருவரும் தட்டவில்லை. நர்சுக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது.

காலி நாற்காலியையும் மேசை ஓர் ஆளாக எண்ணுகிறது, தான் உட்கார்ந்தால் கணக்கு சரியாகிவிடும் என்று அவரே அதில் போய் உட்கார்ந்தார். திரை ஏழு என்றது.

நேற்றுத் தன் மகனையே யாரென்று கேட்ட தையல்காரம்மா முகத்தைச் சுளித்தாள்.

"எந்திரிங்க தம்பி. டீச்சர் மடியில உக்காந்திருக்கீங்க."

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கத்தான் முயல்கிறார் என்பது நர்சுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.