மூன்று விரற்கடை

மெஹபூப் பாஷா ரவிக்கைத் துணிக் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் கம்பெனி விதைப்பு மெஷின் படங்களைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பரப்பினார்.

கடைக்கு வெளியே ரங்கநாதன் தெரு ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி என்று கத்திக்கொண்டிருந்தது.

"ரெண்டே மாடல்தான் அண்ணாச்சி. இது முன்னாடி உழுதுக்கினே போவும், பின்னாடி வெதை போடும். இன்னொண்ணு உழவே உழாது. சும்மா கத்தி மாரி மண்ணக் கீறி, வெதைய உள்ள உட்டு, மூடிக்கினு போய்க்கினே இருக்கும்."

கடை முதலாளி அய்யாதுரை முதல் படத்தைத்தான் கையில் எடுத்தார். முப்பத்தைந்து வருஷமாக ஜவுளி வாங்கி விற்கிறவர். படத்தைக்கூட இரண்டு விரலால் தடவித்தான் பார்த்தார்.

"ஒரே ஓட்டத்துல ரெண்டு வேலை. இதுதானே பாய் தோது?"

பக்கத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தங்கம் அந்தப் படத்தை எட்டிப் பார்த்தாள்.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் அந்த எட்டு ஏக்கர் கரிசல் அவள் பிறந்த வீட்டுச் சொத்து. போன வருஷம் கண்ணை மூடும்வரை அவள் அண்ணன்தான் பயிர் வைத்தார். இப்போது அண்ணன் மகன் சக்திவேல். காலையில்தான் போனில் சொன்னான்.

"அத்தை, புரட்டாசிக்குள்ள மெஷின் வரலேன்னா நான் உளிக்கலப்பையப் பூட்டிருவேன். ஒன்றரை அடிக்குக் கிழிச்சிரும். அந்த வேப்பமரத்து மூலையையும் விடப் போறதில்ல. அப்பா அதை எதுக்குத்தான் தரிசாப் போட்டு வச்சிருந்தாகளோ!"

எதுக்கு என்று அவளுக்குத் தெரியும். கட்டின மனுஷரிடமே அவள் அந்த மூலையைப் பற்றிப் பேசினதில்லை.

அங்கே மேலே என்ன வேண்டுமானாலும் விளையட்டும். உள்ளே கிளறக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"உழாததே நல்லதுங்க. ஈரம் காயாது. டீசல் மிச்சம். மண்புழு சாகாது" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

மெஹபூப் பாஷா சிரித்துவிட்டார். "இன்னா அண்ணாச்சி, அம்மா விவசாய காலேஜா? எங்க கம்பெனிக்கு அனுப்பி வைங்க. நான் லீவு போட்டுட்டு ஊட்ல படுத்துக்கறேன்."

"அவளுக்குச் செல்போன்தான் வாத்தியாரு" என்றார் அய்யாதுரை. ஆனால் முதல் படத்தைக் கீழே வைக்கவில்லை.

"எம்புட்டு ஆழம் இறங்கும்னு சொன்னீங்க பாய்?" என்றாள் தங்கம்.

"மூணாவது தபா கேக்கறீங்கம்மா. அஞ்சு சென்டிமீட்டர்."

அய்யாதுரை துணி அளக்கிற மீட்டர் கம்பியை எடுத்தார். அதைக் கல்லாப்பெட்டி மேல் நிமிர்த்தி வைத்து, அடியில் மூன்று விரலைப் படுக்கப் போட்டுப் பார்த்தார்.

"மூணு விரக்கடை. இதுக்குக் கீழ போயிராதே?"

"போவாது அண்ணாச்சி. பக்கத்துல சக்கரம் கீது, அதுக்கு மேல எறங்காம புடிச்சுக்கும்."

"வேப்பமரத்து மூலையில மண்ணு பொதபொதன்னு இருக்கும். அங்கயும் இதே ஆழம்தானா?" என்றார் அய்யாதுரை.

"அங்கயும் அஞ்சேதான்."

"அப்ப உழாததையே எழுதிக்கோங்க."

தங்கத்தின் கையில் புடவை பாதி மடிப்பில் நின்றது.

முப்பத்துநாலு வருஷம். தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போன இடத்தில் பிறந்து, ஒன்பதே நாள் இருந்து, பேர் வைக்கிறதுக்கு முன்னாலேயே போய்விட்ட பெண் பிள்ளை. இங்கே தீபாவளி வியாபாரம். தகவல் கிடைத்து இவர் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அண்ணன் வேப்பமரத்தடியில் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார். இவர் ஒரு பகல் முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் கடைக்குத் திரும்பிவிட்டார். எந்த இடம் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்கவில்லையே என்பதை மட்டும் இத்தனை வருஷமும் மனசுக்குள் மடித்து வைத்திருந்தாள்.

அண்ணனிடம் கேட்டிருக்கிறார்.

மெஹபூப் பாஷா ஆர்டர் புத்தகத்தைத் திறந்தார். "மெஷின் மேல பெயின்ட்ல பேர் எழுதித் தருவோம் அண்ணாச்சி. எல்லாரும் பசங்க பேரத்தான் போடச் சொல்வாங்க. உங்க பசங்க பேரு?"

அது தெரிந்ததுதான். கடை வேனுக்குப் பின்னால் எழுதியிருக்கிற அதே இரண்டு பேர்.

அய்யாதுரை மீட்டர் கம்பியை அதன் ஆணியில் மாட்டினார். திரும்பாமலே சொன்னார்.

"ஷண்முகப்ரியா, ராம்குமார், தீபிகா."

"மூத்தது பொண்ணா? சொல்லவேயில்லியே! எங்க கட்டிக் குடுத்துக்கீறீங்க?"

"ஊர்லதான் இருக்கா."

பேனா ஓடி நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் தங்கம்.

"எழுதிக்கினேம்மா. தப்பில்லாம எழுதிக்கீறேன், பாருங்க."

"உங்களச் சொல்லல பாய்." அவள் கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதப் பேரை மட்டும் சொல்லுங்க. எனக்குச் சரியாக் கேக்கல."