வீணாகாத மாத்திரை

மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்றி இரண்டு மாதம். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் டாக்டர் அறைக்குள் போனேன்.

"அந்த வலி மாத்திரை பழகிடும்னு சொன்னீங்கல்ல டாக்டர்? மூணு வாரமா அவளுக்கே தெரியாம, அதுக்குப் பதிலா சத்து மாத்திரைதான் குடுக்கிறேன்."

"வலிக்குதுங்கறாங்களா?"

"இல்ல. ஜோரா நடக்கிறா."

"பலே ஆளு சார் நீங்க!" என்று தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

"அப்ப நிறுத்திடலாம்" என்று பேனாவை மூடினார்.

"வேணாம் டாக்டர். இன்னும் ஒரு மாசத்துக்கு எழுதுங்க."

"எதுக்கு? அதான் அவங்க சாப்பிடறதில்லையே!"

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

"மிச்சமானதைத் தூக்கிப் போட மனசு வரல டாக்டர். தினமும் நான்தான் முழுங்கினேன்."