வழவழப்பான ரோடு

ஆம்புலன்ஸின் சக்கரங்களுக்கு மேலிருந்த காற்றுப்பைகள் பள்ளத்துக்குப் பள்ளம் தாமாகவே இளகி, நோயாளியை அலுங்காமல் கொண்டுபோயின. நாடி நின்றுவிட்டால், ஏற்றியிருப்பது வெறும் சரக்கு என்று எண்ணி வண்டி அந்தப் பைகளை இறுக்கிவிடும். டிரைவர் இருதயராஜுக்கு அது தெரியும். பின்னால் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த செங்கமலத்துக்குத் தெரியாது.

"மேடு பள்ளமே தெரியல தம்பி. அசந்து தூங்குறாரு."

அடுத்த வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. இருதயராஜ் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"என்ன தம்பி, ரோடு மோசமா?"

"ஆமாக்கா. மோசந்தான்."

அந்தப் பகுதியில் புதிதாய்ப் போட்ட ரோடு வழவழவென்று கிடந்தது. அதற்கடுத்த வேகத்தடையில் அவன் பிரேக்கை மெல்ல மிதித்து, பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கினான், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல்.